[கலைச்சொல்] பெட்டா மீனின் துடுப்புச் சேதம்: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

அனுப்பியவர்: அறிவியல் டீச்சர், கொழிஞ்சாம்பாறை

குழுவினருக்கு வணக்கம். எட்டாம் வகுப்பு தமிழ் மீடியப் பிள்ளைகளுக்காக பெட்டா மீன் (வண்ணச் சண்டை மீன்) பராமரிப்புத் தாள் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். மலையாளப் பக்கத்தில் 'சிறகுசீயல்' என்று போட்டு முடித்துவிட்டார்கள். தமிழில் 'துடுப்பு அழுகல்' என்று எழுதலாமா? இதோடு இன்னும் மூன்று சொற்கள் தேவை. துடுப்பு எதிலாவது மாட்டிக் கிழிவது, மீனே தன் வாலைக் கடித்துக்கொள்வது, துடுப்பை விரிக்காமல் ஒடுக்கி வைத்திருப்பது. துடுப்பில் நீள நீளமாக ஓடும் மெல்லிய எலும்புக்கும் பெயர் வேண்டும். பாடப்புத்தக நடையில் 'துடுப்புக் கதிர்' என்றால் பிள்ளைகள் நெற்கதிரை நினைக்கிறார்கள்.

அனுப்பியவர்: வண்ணமீன் கடை, செங்கோட்டை

டீச்சர், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது 'செதில் கிழிஞ்சிருச்சு' என்பதுதான். செதில் என்பது உடம்பு மேல் இருக்கிறது. அதனால் தாளில் முதல் வரியிலேயே துடுப்பு எது, செதில் எது, செவுள் எது என்று படம் போட்டுவிடுங்கள். அதைச் செய்யாமல் எந்தச் சொல்லை வைத்தாலும் வீண்.

பெயர் எதுவானாலும், அடையாளம் இப்படி. கிழிசல் என்றால் திடீரென்று வரும். நேற்று இல்லை, இன்று காலை இருக்கும். ஓரம் சுத்தமாக, துடுப்பின் நிறத்திலேயே இருக்கும். பிளாஸ்டிக் செடி, கூரான கல், ஃபில்டர் வாய் மூன்றும்தான் வழக்கமான காரணம். பழைய நைலான் சாக்ஸை அலங்காரப் பொருள் மேல் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் துடுப்பும் மாட்டும். ஃபில்டர் வாயில் ஸ்பாஞ்ச் சொருகினால் போதும். கடி என்றால் வாலில் அரைவட்டமாகத் துண்டு போயிருக்கும். மீனின் வாய் எட்டுவது வாலைத்தான், மார்புத் துடுப்பில் அந்த அடையாளம் வராது. ஹாஃப்மூன் (வால் அரைவட்டமாக விரியும் பெட்டா வகை) மாதிரி கனத்த வால் உள்ளவற்றில் இது அதிகம். அழுகல் மெதுவாக வரும். ஓரத்தில் கறுப்பு, சிவப்பு அல்லது வெள்ளைப் படலம், நாளுக்கு நாள் உள்நோக்கி நகரும்.

அனுப்பியவர்: தமிழ் மாஷ், சித்தூர்

டீச்சர் அம்மாவுக்கும் செங்கோட்டை அண்ணாச்சிக்கும் வணக்கம். துடுப்பு என்பதே இரவல். படகு வலிக்கும் கருவியும் சர்க்கரைப் பொங்கல் கிளறும் மரக்கரண்டியும் துடுப்பு. துழாவுவதால் துழுப்பு, பிறகு துடுப்பு என்று ஆனதோ என்பது என் ஊகம். மீனின் உறுப்புக்கு அது பிற்காலத்தில் ஏறிய பெயர். விவிலியத் தமிழில், லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில், உண்ணத்தக்க நீர்வாழ்வனவற்றைச் சொல்லும்போது 'சிறகும் செதிளும்' என்றுதான் வருகிறது. தெற்கே செட்டை என்பார்கள். அதற்கும் இறக்கை என்பதே பொருள். நம் எல்லையில் மலையாளமும் சிறகு என்கிறது. பிள்ளைகள் ஒரே தாளின் இரு பக்கத்திலும் ஒரே சொல்லைப் பார்க்கட்டும். எனவே 'சிறகழுகல்'. சிறகு நெடில்தொடர் அல்ல, உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். உகரம் கெட்டு அகரம் ஏறும். அழகான புணர்ச்சி.

வால் கடிப்பதற்கு 'வாற்கடி'. லகரம் வல்லினம் வர றகரம் ஆகும். இதை விட்டுக்கொடுக்க முடியாது.

அனுப்பியவர்: வண்ணமீன் கடை, செங்கோட்டை

மாஷே, வாற்கடி என்று பெட்டியில் ஒட்டினால் பாற்கடல் மாதிரி ஏதோ என்று நினைப்பார்கள். 'வால்கடி' என்று பிரித்தே எழுதலாமே. பிழை என்றால் பிழையாகவே இருக்கட்டும், மீன் பிழைக்கும்.

அனுப்பியவர்: கால்நடை மருத்துவர், நகரி

மடல்களைப் படித்தேன். இங்கே தெலுங்கில் ரெக்க என்றால் பறவையின் இறக்கைக்கும் ஆகும், மீனுக்கும் ஆகும். அதனால் சிறகு என்பதில் எனக்கு மனத்தடை இல்லை. ஆனால் என் கவலை முன்பாதி அல்ல, பின்பாதி.

'அழுகல்' என்று எழுதிய உடனே பிள்ளை கடைக்குப் போய் நீல மருந்து வாங்குவான். கிழிசலுக்கும் வால்கடிக்கும் மருந்தே தேவையில்லை. சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீர் போதும். அழுகலுக்கும் முதல் மருந்து தண்ணீர்தான். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் தண்ணீரில் எப்போதும் இருப்பவை. அம்மோனியாவால் ஓரம் வெந்து, மீன் சோர்ந்த பிறகே உள்ளே நுழைகின்றன. அதனால் தாளில் வரிசை இப்படி இருக்கட்டும்:

முதலில் பரிசோதனைத் துளிமருந்தால் அளவெடுக்க வேண்டும். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழ். பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) ஏற ஏற அதே அளவு அம்மோனியா கூடுதல் நஞ்சாகும். கடினமான போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறு தொட்டி என்றால் தினமும் கால் முதல் பாதித் தண்ணீர் மாற்றம். புதுத் தண்ணீர் பழைய தண்ணீரின் வெப்பத்தில் இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியிருக்க வேண்டும். வெப்பம் 26 முதல் 28 டிகிரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மார்கழியில் ஜன்னலோர ஜாடி இரவில் குளிர்ந்துவிடும். 20 லிட்டருக்கு 25 வாட் ஹீட்டர் போதும்.

மூன்று நான்கு நாளில் ஓரம் நின்றுவிடவில்லை என்றால் உப்பு. அயோடின் சேர்க்காத கல்லுப்பு, 4 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. தனியாகக் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தண்ணீர் ஆவியானால் உப்பு போகாது. ஆவியான இடத்துக்கு வெறும் தண்ணீர், மாற்றிய தண்ணீரின் பங்குக்கு மட்டும் உப்பு. இந்தக் கணக்கில்தான் பலர் மீனைக் கொல்கிறார்கள். 7 முதல் 10 நாள், அதற்குமேல் வேண்டாம். செடியும் நத்தையும் இருந்தால் மீனைத் தனி டப்பாவில் வைத்துச் செய்யலாம். அந்த நீல மருந்தான மெத்திலீன் நீலமும் தனி டப்பாவில்தான். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா மறுபடி ஏறும். அழுகல் துடுப்பின் அடிவரை, உடம்பைத் தொட்டுவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். அடி போனால் துடுப்பு திரும்ப வளராது. ஆன்டிபயாடிக் பெயர் எதையும் தாளில் அச்சிடாதீர்கள்.

அனுப்பியவர்: அறிவியல் டீச்சர், கொழிஞ்சாம்பாறை

மேடம், வரிசை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'அழுகல்' வேண்டாம் என்றால் வேறென்ன? தேய்வா, சிதைவா?

அனுப்பியவர்: தமிழ் மாஷ், சித்தூர்

சிதைவு என்றால் கிழிசலும் சிதைவே, கடியும் சிதைவே. பொதுப்பெயராக 'சிறகுச்சிதைவு' வைத்து உட்பிரிவாக அழுகல், கிழிசல், கடி. தொல்காப்பியம் சொல்லும் பொதுவும் சிறப்பும் போல.

மற்றொரு செய்தி. நகரி மருத்துவர் ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கத்தவர், நான் பாலக்காட்டுச் சித்தூர். இரண்டும் சிற்றூர்தான். மலையாளிகள் றகரத்தையே எழுதுகிறார்கள். தெலுங்கர் அதைத் தகரமாக்கிவிட்டார்கள், நாமும் தகரத்தையே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அனுப்பியவர்: வண்ணமீன் கடை, செங்கோட்டை

மாஷே, ஊர்ப்பெயரை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளலாம். குருத்தழுகல், வேரழுகல், கிழங்கழுகல் என்று விவசாயத் துறை எழுதி எழுதி எங்கள் பக்கம் தோப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் பழக்கமான சொல் அது. நோய் என்று புரிகிறது, மருந்தடி என்றும் புரிகிறது. மேடத்தின் பயம் அதனால் நியாயம். அதற்குச் சொல்லை மாற்றுவதைவிட, சொல்லுக்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'முதலில் தண்ணீர் மாற்று' என்று போடலாம்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. ஆறும்போது புதிதாக வளரும் ஓரம் நிறமில்லாமல், வெளிறி, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதைப் பூஞ்சை என்று பயந்து மறுபடி மருந்து போடுகிறார்கள். பூஞ்சை பஞ்சுபோல் உப்பி நிற்கும். வளர்ச்சி தட்டையாக இருக்கும். தினமும் ஒரே பக்கத்திலிருந்து படம் எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இந்தப் புது வளர்ச்சிக்கு ஒரு சொல் கொடுங்கள்.

அனுப்பியவர்: கால்நடை மருத்துவர், நகரி

'தளிர்' போதும். 'தளிரோரம்' என்று எழுதினாலும் புரியும்.

கதிருக்கு என் பரிந்துரை 'ஈர்க்கு'. தென்னோலையில் நடுவில் நிற்கிற ஈர்க்கைப் போல, சவ்வு இரண்டு பக்கமும் அதில் பிடித்திருக்கிறது. எல்லைப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம். சிகிச்சைக்கும் உதவும்: ஈர்க்கு முறியாமல் இடைச்சவ்வு மட்டும் பிளந்திருந்தால் விரைவில் சேர்ந்துவிடும். ஈர்க்கே ஒடிந்தால் நாள் ஆகும், சில சமயம் கோணலாக வளரும். அதிகம் சிலிர்த்து விரித்ததால் ஹாஃப்மூன் வால் பிளப்பதும் சவ்வுப் பிளவுதான். கண்ணாடி காட்டிச் சண்டைக்கு விடுவது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆறும்வரை கூடவே கூடாது.

அனுப்பியவர்: அறிவியல் டீச்சர், கொழிஞ்சாம்பாறை

ஈர்க்கு அருமை, யாரும் மறுக்கவில்லை. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. இதுவரை வந்ததை வைத்து இப்படி அனுப்புகிறேன்: பொதுத் தலைப்பு 'துடுப்புச் சேதம்'. உள்ளே துடுப்பழுகல், துடுப்புக் கிழிசல், வால்கடி, துடுப்பொடுக்கம். ஈர்க்கு, இடைச்சவ்வு, தளிரோரம். தொட்டியில் போடும் பாதாம் இலை (நாட்டு வாதுமை மரத்தின் இலை) பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலை மட்டும், பூச்சிமருந்து படாத மரத்திலிருந்து, தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வரும், அது கெடுதல் இல்லை. ஆனால் அது அழுகலுக்கு மருந்து என்று எழுதவில்லை.

அனுப்பியவர்: தமிழ் மாஷ், சித்தூர்

'சேதம்' வடசொல். சிதைவை நீக்கிச் சேதத்தை வைத்தது யார் முடிவு? சிறகையும் காணோம். வால்கடியில் லகரம் அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது 'சிறகழுகல்' வர வேண்டும் என்று என் மறுப்பைப் பதிகிறேன். ஒடுக்கம் மட்டும் நன்று.

அனுப்பியவர்: வண்ணமீன் கடை, செங்கோட்டை

பதிந்தாயிற்று மாஷே. டீச்சர், உப்புக் கணக்கில் அச்சகம் '4 லிட்டர்' என்பதை '40' ஆக்கிவிடாமல் புரூஃப் பாருங்கள். அளவை எழுத்திலும் போடுங்கள், நான்கு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி.