பான் எண்ணை ஏத்துக்காத தளம், இஐஎன் (அமெரிக்க வரித்துறை தர்ற 9 இலக்கத் தொழில் எண்) வாங்கினவங்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. மதுரையில வீட்டுல இருந்தே கோலம், கோயில் தூண் டிசைன்லாம் வரைஞ்சு ஒரு அமெரிக்கத் தளத்துல விக்கிறேன். கம்பெனி எதுவும் கிடையாது, நான் ஒருத்திதான்.

போன வாரம் வரிப் படிவம் கேட்டாங்க. யூடியூப்புக்கு டபிள்யூ-8பென்ங்கிற, வெளிநாட்டவருக்கான அமெரிக்க வரிப் படிவத்துல பான் எண்ணைப் போட்டேன், இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 30க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிக்கிறாங்க. இந்தத் தளத்துலயோ வரி எண் போடுற கட்டம் 9 இலக்கம் மட்டும்தான் வாங்குது. பான்ல பாதி எழுத்தாச்சே! அடிச்சு அடிச்சுப் பார்த்தும் சிவப்புக் கோடுதான். உதவி மையத்துல கேட்டா "இஐஎன் வாங்குங்க"ன்னு ஒரே வரி.

ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்துல ஆன்லைன்ல விண்ணப்பிக்க, வெளிநாட்டுல இருக்குற நம்மளால முடியாது. எஸ்எஸ்-4ங்கிற இஐஎன் விண்ணப்பப் படிவத்தை ஃபேக்ஸ், தபால்ல அனுப்பணும், இல்லைன்னா ஃபோன். கட்டணம் ஒரு பைசா கிடையாது. இது தெரியாம ஒரு ஏஜென்ட்டுக்கு 12,000 ரூபா கொடுக்க இருந்தேன், நல்லவேளை.

இப்போ என் சந்தேகம்: அந்தப் படிவத்துல அமெரிக்க வரி எண் கேட்குற 7பி கட்டத்துல 'ஃபாரின்'னு எழுதினா போதும்னு படிச்சேன். 10வது கேள்வியில காரணம் எதை டிக் பண்ணீங்க? புதுத் தொழிலா, வரிப்பிடித்த விதிக்காகன்னு இருக்கே, அதுவா? தப்பா டிக் பண்ணி, இல்லாத அமெரிக்கத் தொழிலுக்கு வருஷா வருஷம் கணக்கு கேட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

ஃபோன்ல வாங்கினவங்க இருந்தா, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க, என்னென்ன கேட்டாங்கன்னு சொல்லுங்க. ஐஎஸ்டி கால் வேற, காசு கரையும். இஐஎன் இல்லாமலே தளத்துக்கிட்ட பேசிச் சமாளிச்சவங்க இருந்தா இன்னும் நல்லது.