இலைச்சுருட்டுப் புழு தெரிந்ததும் மருந்தா, நன்மை செய்யும் பூச்சிகளை நம்பிப் பொறுப்பதா?

வரப்போரம்:
நடவு முடிந்து 25 நாள் ஆன நெல். ஆங்காங்கே இலை நீளவாக்கில் மடிந்து கிடக்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையத்தைச் சுரண்டி வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறது புழு. சுற்றிலும் எல்லோரும் மருந்து அடித்துவிட்டார்கள். நன்மை செய்யும் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும், பொறு என்கிறார் ஒருவர். முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கிக் கட்டு என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

செங்கதிர்:
தம்பி, இப்போதைக்கு மருந்தைத் தொடாதீர்கள். தூர் கட்டும் பருவத்தில், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிக்கும் நேரத்தில், நெல் இலை இழப்பைத் தாங்கிக்கொள்ளும். புது இலை, புதுத் தூர் வந்து அதை ஈடுகட்டிவிடும். இந்தப் பருவத்தில் 100 இலைக்கு 10 இலை சேதமானால்தான் யோசிக்க வேண்டும். கதிருக்கு முன்னால் வரும் கடைசி இலையான கண்ணாடி இலை வந்த பிறகு அந்த அளவு 5 ஆகக் குறையும், ஏனென்றால் மணி நிரம்புவதே அந்த இலையை நம்பித்தான்.

நான் தடுப்பதற்கு முக்கியக் காரணம் புழு அல்ல, தூரடியில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற தத்துப்பூச்சி. இப்போது அடிக்கும் மருந்தில் முதலில் சாவது புகையானைத் தின்னும் சிலந்தியும் அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும். புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேராது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரித்து வெளியே வரும்போது அதைத் தின்ன வயலில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் வட்ட வட்டமாகப் பயிர் கருகுவதைப் பார்த்து மறுபடியும் மருந்து. இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் வெளியே வருவது கஷ்டம்.

களத்துமேடு:
ஐயா, உங்கள் பேச்சை நம்பி ஒருவர் கைகட்டி நின்று, விளைச்சல் போனால் யார் பொறுப்பு? இயற்கை சமநிலை என்று சொல்வது எளிது. தின்னும் பூச்சி எப்போதும் தின்னப்படும் பூச்சிக்குப் பின்னால்தான் பெருகும். அந்த இடைவெளியில் ஏற்படும் சேதம் விவசாயி தலையில்.

இன்னொன்று, நீங்கள் பேசுவது பழைய மருந்துகளைப் பற்றி. குளோரான்ட்ரனிலிப்ரோல் போன்றவை புழுவின் தசையைக் குறிவைப்பவை. சிலந்திக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் அவற்றால் பெரிய கேடு இல்லை. எல்லா மருந்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை.

செங்கதிர்:
அந்த மருந்து ஒப்பீட்டளவில் மென்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவையே இல்லாத பருவத்தில் அதை ஏன் செலவழிக்க வேண்டும்? அதே வகை மருந்துக்கு முட்டைக்கோஸின் வைரமுதுகு அந்துப்பூச்சியும் சீனாவில் நெல் தண்டுத் துளைப்பானும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன. நல்ல கருவியைக் கண்டபடி பயன்படுத்தி மழுக்கிவிட வேண்டாம் என்கிறேன்.

"கைகட்டி" என்றீர்களே, இந்தோனேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்கச் சொன்ன நாடு அது. புகையான் அடங்கவில்லை, பெருகியது. 1986இல் ஜனாதிபதி உத்தரவின் மூலம் நெல்லில் 57 மருந்துகளுக்குத் தடை போட்டார்கள். மானியத்தையும் சில ஆண்டுகளில் நிறுத்தினார்கள். நெல் உற்பத்தி சரியவில்லை.

நீங்கள் சொன்ன அந்த இடைவெளிக்கும் ஜாவா வயல்களில் பதில் கிடைத்தது. நட்ட புதிதில் சேற்றிலும் நீரிலும் மக்கும் குப்பையைத் தின்னும் கொசுவினச் சிறு ஈக்களும் வால்தெறிப்பிகளும் ஏராளமாக இருக்கின்றன. அவை பயிரைத் தொடுவதில்லை. சிலந்திகள் முதலில் அவற்றைத் தின்றே பெருகுகின்றன. புகையான் வந்து சேரும்போது வேட்டைக்காரர்கள் ஏற்கனவே தயார். முதல் மாதத்து மருந்து அந்தத் தயாரிப்பைத்தான் கெடுக்கிறது.

களத்துமேடு:
இந்தோனேசிய அனுபவம் நெல்லுக்கு. அதை வைத்து எல்லாப் பயிருக்கும் பேசுவதைத்தான் எதிர்க்கிறேன். கத்தரியில் துளை விழுந்த காயை யார் வாங்குவார்கள்? தக்காளியில் வெள்ளை ஈ இலைச்சுருள் வைரஸைப் பரப்புகிறது. ஒரு செடி நோயுற ஒரு ஈயே போதும். பொறிவண்டு வந்து நூறில் தொண்ணூறைத் தின்றாலும் மீதி பத்து வேலையை முடித்துவிடும்.

தவிர, "நன்மை செய்யும்" என்று பெயர் வைத்தாலே நல்லதாகிவிடாது. அசுவினியை ஒழிக்கக் கொண்டுபோன ஆசியப் பொறிவண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி, அங்கேயே இருந்த பொறிவண்டுகளை நெருக்குகிறது. கரும்பு வண்டைத் தின்ன 1935இல் ஆஸ்திரேலியாவுக்குத் தேரையைக் கொண்டு போனார்கள். வண்டு குறையவில்லை. தேரைதான் இன்றுவரை தலைவலி.

நீர்முள்ளி:
வைரஸ் விஷயத்தில் களத்துமேடு அண்ணா சொல்வது சரி. அங்கே ஈ நாற்றைத் தொடாமல் வலையிட்டுக் காப்பதும் எதிர்ப்புத்திறன் உள்ள ரகமும்தான் முதல் வேலை. இரைவிழுங்கிகளை மட்டும் நம்பக் கூடாது.

தேரை உதாரணத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. எது கிடைத்தாலும் விழுங்கும் பிராணி அது. ஒரே பூச்சியை மட்டும் தேடும் குளவி வேறு. ஆப்பிரிக்காவில் மரவள்ளி மாவுப்பூச்சி 1970களில் நுழைந்து பயிரை அழித்தபோது, அதன் பூர்வீகமான தென் அமெரிக்காவில் தேடி ஒரு சிறு குளவியைக் கண்டுபிடித்தார்கள். அது மற்ற உயிர்களுக்குக் கேடு செய்யாது என்று சோதித்துவிட்டு, 1981இல் நைஜீரியாவில் விடத் தொடங்கினார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

களத்துமேடு:
அது வெளியிலிருந்து வந்த பூச்சி, எதிரியே இல்லாத இடத்தில் பெருகியது. மரவள்ளியும் மாதக்கணக்கில் நிலத்தில் நிற்கும். குளவி குடியேற நேரம் இருந்தது. உள்ளூர்ப் பூச்சிக்கும் நான்கு மாதப் பயிருக்கும் அதே வெற்றியை எதிர்பார்க்கலாமா?

நீர்முள்ளி:
நல்ல கேள்வி. அதனால்தான் நெல்லில் குடியேற்றுவதை விட, இருப்பதைக் காப்பாற்றுவது முக்கியம் என்கிறேன். இலைச்சுருட்டுப் புழுவுக்கே எதிரிகள் உண்டு. செம்பழுப்பு உடம்பில் கறுப்புப் பட்டையோடு ஒல்லியான தரைவண்டு ஒன்று, மடிந்த இலைக்குள்ளேயே நுழைந்து புழுவை இழுத்துத் தின்னும். வெளியே தெளிக்கும் மருந்து சரியாக எட்டாத இடத்திற்கு அது தானாகப் போகிறது.

வரப்போரம் தம்பி கேட்ட அட்டைக்கு வருகிறேன். ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) அளவு அட்டையில் சுமார் 20,000 முட்டை ஒட்டப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் டிரைக்கோகிரம்மா குளவி வளர்கிறது. அதில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு சிலோனிஸ் என்ற இனம், தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் என்ற இனம். மாற்றிக் கட்டாதீர்கள். குளவி முட்டையைத்தான் தாக்கும், புழுவைத் தொடாது. அதனால் சேதம் பார்த்த பிறகு கட்டினால் பாதி வேலை தவறிப்போகும். அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கும்போதே, நடவு முடிந்து 37ஆம் நாள் வாக்கில் ஆரம்பித்து வாரம் ஒருமுறை மூன்று தடவை கட்டுவது பரிந்துரை, ஹெக்டேருக்கு 5 சிசி. துண்டாக நறுக்கி, வெயில் படாத இலை அடியில், காலையிலோ மாலையிலோ கட்ட வேண்டும். குளவி ஏற்கனவே வெளியேறிய அட்டையை வாங்கிக் கட்டுவோர் நிறைய. கட்டி முடித்த கையோடு மருந்தும் அடித்தால் எல்லாம் வீண்.

வரப்போரம்:
அக்கா, என் வயலில் சிலந்தி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை இருந்தால் நம்பலாம்?

செங்கதிர்:
மூலையோடு நிற்காமல் வயலின் குறுக்காக நடந்து, அங்கங்கே ஒரு குத்தின் (ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்தின்) தூரடியில் கையால் தட்டிப் பாருங்கள். நீரில் விழும் புகையான் தத்தித் தத்தி ஓடும். ஓநாய்ச் சிலந்தி நீர்மேலேயே விரைந்து ஓடும், பெண்ணாக இருந்தால் பின்னால் வெள்ளை முட்டைப் பை தொங்கும். பச்சை நிறத்தில் கறுப்புத் தலையோடு மெல்லிய நாவாய்ப்பூச்சியையும் தேடுங்கள், அது இலையுறையில் உள்ள புகையான் முட்டையை உறிஞ்சும்.

அளவு கேட்டீர்கள். சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு 1 புகையான் வந்ததும் நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். கவனியுங்கள் தம்பி, மருந்து அடிக்கும் எல்லையே சிலந்தியைச் சேர்த்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

வரப்போரம்:
பார்த்துவிட்டு வந்தேன். தட்டிய இடமெல்லாம் சிலந்தி ஓடுகிறது. புகையான் அரிது. மடிந்த இலை பத்துக்கு வரவில்லை, சேதம் உள்ள பகுதி யூரியா அதிகம் விழுந்த பகுதி என்றும் தெரிகிறது. இப்போது மருந்து அடிக்கவில்லை. அட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

களத்துமேடு:
யூரியாவை இனி பிரித்துப் போடுங்கள், தழைச்சத்து அதிகமானால் புழு கொழுக்கும். பொறுப்பதாக முடிவு செய்ததில் எனக்கு மறுப்பு இல்லை, எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு. ஆனால் கண்ணாடி இலை வெளிவரும் வாரத்தில் மறுபடி எண்ணுங்கள். 100க்கு 5 தாண்டினால் சிலந்தியின் பெயரைச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

செங்கதிர்:
அந்த வாரத்தில் 5 தாண்டினால் நானும் அடிக்கத்தான் சொல்வேன். அப்போதும் புழுவுக்கு மட்டுமான மருந்தாக இருக்கட்டும், பல பூச்சிகளையும் கொல்லும் பைரித்ராய்டு வகை மருந்து வேண்டாம். அது புகையானைத் தூண்டிவிடும்.