பென் டிரைவ் பிசுபிசுவென்று ஒட்டுகிறது: மேலே உள்ள ரப்பரா, உள்ளே உள்ள பசையா?

மேசைடிராயர்:

கறுப்பு ரப்பர் போல மேல்பூச்சு உள்ள பழைய 16 ஜிபி பென் டிரைவ். சில வருடங்களாக மூடிய டிராயரில் கிடந்தது. இப்போது எடுத்தால் விரலோடு வருகிறது. தொட்ட இடத்தில் கைரேகை அப்படியே பதிகிறது, ஒட்டிய தூசியும் நூலும் போக மறுக்கிறது. ஈரத்துணி, சோப்புத் தண்ணீர் இரண்டுக்கும் அசையவில்லை. சானிடைசர் ஜெல் போட்டுத் தேய்த்ததும் கறுப்பாக இழுபட்டு இன்னும் மோசமாகிவிட்டது.

கூட்டின் இரண்டு பாதியும் லேசாக விட்டிருந்ததால் திறந்தும் பார்த்தேன். யூஎஸ்பி பிளக் சர்க்யூட் போர்டோடு சேரும் இடத்தில் மஞ்சளாக, பளபளவென்று ஏதோ இருக்கிறது; நகம் பட்டால் ஒட்டுகிறது. போர்டின் நடுவில் கல் மாதிரி கெட்டியாக ஒரு கறுப்புத் திட்டு. உள்ளே சீல் வைத்த பசை உருகி வெளியே வந்துவிட்டதா? எதைத் துடைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? டிரைவ் இன்னும் வேலை செய்கிறது.

ஈயப்பற்று:

வேலை செய்கிறது என்றால் முதலில் உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உள்ளிருந்து எதுவும் ஒழுகவில்லை. பென் டிரைவில் பேட்டரி கிடையாது, திரவம் நிரப்பிய கெப்பாசிட்டரும் கிடையாது. பீங்கான் கெப்பாசிட்டர்கள், ஒரு கன்ட்ரோலர், ஒரு மெமரி சிப், சிலவற்றில் ஒரு கிரிஸ்டல், அவ்வளவுதான். நீங்கள் பார்த்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பொருள்கள்.

வெளியே ஒட்டுவது ரப்பரே அல்ல, பெயின்ட். கெட்டியான பிளாஸ்டிக் கூட்டின் மேல் மெத்தென்று இருக்க அடிக்கப்படும் பாலியூரித்தேன் பூச்சு. அதில் பாலியெஸ்டர் வகையாக இருந்தால் காற்றில் உள்ள ஈரமே அதற்கு எமன். நீர் மூலக்கூறு எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது (நீராற்பகுப்பு). நீளச் சங்கிலிகள் துண்டாகி, திடமாக இருந்தது கூழாகிறது. வெட்டும்போது பிறக்கும் அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்தும். அதனால்தான் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, கொஞ்ச நாளில் கைவிட்டுப் போகிறது. டிராயரில் சும்மா கிடந்தாலும் இது நடக்கும். பவுடர் தூவினால் சில நாள் மறையும், அவ்வளவே. செத்த பூச்சை உயிர்ப்பிக்க வழியில்லை, முழுக்க எடுக்க வேண்டும்.

90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 10 முதல் 15 மி.லி. போதும். போர்டை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் சுத்தம் செய்யுங்கள். கூட்டின் உள்பக்க மூலையில் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். பிளாஸ்டிக் வெளுக்காமல், மெலிசாகக் கீறல் விடாமல் இருந்தால் தொடரலாம். பஞ்சு வேண்டாம், நார் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தித் துணியை உள்ளங்கை அகலத் துண்டுகளாகக் கிழித்து, ஒன்றை நனைத்துக் கூட்டின் மேல் போர்த்தி 30 முதல் 60 விநாடி விடுங்கள். பிறகு ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைக் காட்டி அடுத்த இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் கரைந்த பூச்சை மறுபடி பூசுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். பாதியில் காய விட்டாலும் அதே கதை: மெல்லிய கறுப்புப் படலமாகத் திரும்ப ஒட்டிவிடும். மூன்று நான்கு சுற்றில் அடியில் உள்ள பிளாஸ்டிக் பளிச்சென்று தெரியும். இடுக்கில் இருப்பதற்குப் பழைய டூத் பிரஷ். கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். பூச்சின் மேல் அச்சடித்த எழுத்து கூடவே போய்விடும்.

நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள். அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பாலிகார்பனேட்டை வெடிப்பு விட வைக்கும்.

சானிடைசரில் மோசமானது ஏன் என்றால், அதில் ஆல்கஹாலோடு தண்ணீரும், ஜெல்லாக்கும் பொருளும், பெரும்பாலும் கிளிசரினும் இருக்கின்றன. ஆல்கஹால் பறந்ததும் மிச்சம் அங்கேயே தங்கும். கிளிசரின் காயவே காயாது.

கரைப்பான்:

பூச்சு என்றால் மேலே சொன்னது சரி. ஆனால் அது பூச்சுதானா என்று பார்க்காமல் ஆரம்பிக்காதீங்க. நகத்தால் ஒரு ஓரம் சுரண்டுங்க. கறுப்புக் கூழ் வந்து அடியில் கெட்டி பிளாஸ்டிக் தெரிந்தால் பூச்சு. சுரண்டச் சுரண்ட ரப்பரே வந்தால் அந்த உறையே மென்மையான பொருள். அதை ஆல்கஹாலால் திருத்த முடியாது.

பொம்மை வடிவ பென் டிரைவ்கள் பெரும்பாலும் இந்த ரகம். மென்மையான பிவிசியாக இருந்தால் அதை வளைய வைக்கச் சேர்த்த எண்ணெய் மாதிரியான பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே கசியும். துடைத்தால் அன்றைக்குச் சுத்தம், சில வாரத்தில் மறுபடி ஈரம். பெட்டியில் அழிரப்பரும் பிளாஸ்டிக் ஸ்கேலும் ஒட்டிக்கிடந்து, ஸ்கேலில் ரப்பர் வடிவத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும் பார்த்திருப்பீங்க, அதே விஷயம்தான். பிளாஸ்டிசைசர் பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கும். அதனால் அந்த மாதிரி டிரைவை மற்ற பொருளோடு சேர்த்துப் போட்டு வைக்காதீங்க.

அப்படி இருந்தால் உறையைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) போடுங்க. போர்டின் அகலமான இடத்தை நூலால் சுற்றி அளந்து, 3.14 ஆல் வகுத்து, வருவதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிய குழாய். சுற்றளவு 40 மி.மீ. என்றால் 12.7 வரும், 16 மி.மீ. குழாய் எடுங்க. பாதியாகச் சுருங்கும் 2:1 ரகம் 8 மி.மீ. வரை சுருங்கும் என்பதால் இறுகப் பிடிக்கும். சூடான காற்றை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சில விநாடிகளில் முடிக்கணும். ஈயம் உருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், ஈயம் கலந்த சாலிடருக்கே 183 டிகிரி வேண்டும். ஆனால் ஃபிளாஷ் மெமரிக்கு வேகவைக்கிற சூடு ஆகாது.

ஈயப்பற்று:

ஒப்புக்கொள்கிறேன், நகச்சோதனையை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இனி உள்ளே இருப்பவை. மஞ்சளாக, கண்ணாடி போல, சாலிடர் கால்களைச் சுற்றி மட்டும் இருந்தால் அது ஃப்ளக்ஸ் மிச்சம், அதாவது சாலிடர் நன்றாகப் பிடிக்கச் சேர்க்கும் பொருள். பிளக்கின் கால்களைக் கையால் சாலிடர் செய்த இடங்களில் இது சகஜம். நன்றாகச் சூடு கண்ட ஃப்ளக்ஸ் கெட்டியாகும்; சரியாகச் சூடு ஏறாதது பிசுபிசுவென்றே நின்றுவிடும். அதில் தூசி ஒட்டி ஈரமும் சேர்ந்தால் அதன் ஆக்டிவேட்டர் உப்புகள் கால்களுக்கிடையே மின்கசிவுக்கு வழி செய்யும். எடுத்துவிடுவதே நல்லது.

ஆனால் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒரு முறை தடவிவிட்டு நிறுத்தினால் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். ஃப்ளக்ஸில் உள்ள ரோசின் என்ற பிசினை மட்டும் கரைத்து எடுத்து, உப்பை விட்டுவிட்டோம் என்று அதற்குப் பொருள். போர்டைச் சாய்த்துப் பிடித்து, ஆல்கஹால் வழிந்தோடும்படி விட்டு, மென்மையான பிரஷால் தேய்த்து, ஆவியாகும் முன் நார் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். புது ஆல்கஹாலில் இன்னொரு முறை. ஒரு மணி நேரம் காய்ந்த பிறகே கம்ப்யூட்டரில் செருகலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. இதன் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றும்.

மஞ்சள் பசை இழுத்தால் ரப்பர் போல நீண்டால் அது ஹாட் க்ளூ. அதைப் பிய்க்காதீர்கள், சின்ன பாகங்கள் கூடவே பிய்ந்து வரும். ஓரத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுச் சில விநாடி பொறுத்தால் பிடி விட்டு முழுத்துண்டாகக் கழன்று வரும்.

அந்தக் கறுப்புத் திட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அது எபாக்ஸி, இறுகிக் கல்லாகும் பிசின். அடியில் உறையில்லாத சிப்பும், அதைப் போர்டோடு இணைக்கும் முடியைவிட மெல்லிய கம்பிகளும் இருக்கின்றன. ஆல்கஹால் பட்டால் ஒன்றும் ஆகாது. சுரண்டினாலோ சூடாக்கி நெம்பினாலோ தகவல் போச்சு.

மேசைடிராயர்:

நகச்சோதனை செய்தேன், பூச்சுதான். மஞ்சள் பசை நீளவில்லை, உடைந்து தூளாகவும் இல்லை, கால்களைச் சுற்றி மட்டும் இருக்கிறது. அப்போது ஃப்ளக்ஸ்தான் போல. சுத்தம் செய்த பிறகு ஈரம் போகாமல் இருக்க, குழாய் ஓரங்களுக்குப் பூசுகிற சிலிக்கோனைப் போர்டு முழுக்கப் பூசிவிடலாமா?

கரைப்பான்:

வேண்டாம். டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற ரகம். தாமிரத்தையும் சாலிடரையும் அரிக்கும். போர்டில் சில மாதத்தில் பச்சை பூக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கு அந்த அமிலம் விடாமல் காயும் நியூட்ரல் க்யூர் ரகம்தான், அதிலும் ஆல்காக்ஸி வகை.

இன்னொன்று, பலர் தப்பாக நினைப்பது: சிலிக்கோன் நீராவியைத் தடுக்காது, தாராளமாக உள்ளே விடும். அது காப்பாற்றுவது போர்டோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்வதால். ஆவி வந்தாலும் நீர்ப்படலமாகத் தேங்க இடம் இருக்காது. அதனால் அழுக்கு, ஃப்ளக்ஸ், விரல் எண்ணெய் மேல் பூசினால் வேலைக்கு ஆகாது. அடியில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். அரைகுறையாகக் கழுவிச் சீல் வைப்பதைவிட சீலே இல்லாமல் இருப்பது மேல்.

பூசியே ஆகணும் என்றால் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டின் மேல் அடிக்கும் காப்புப் பூச்சு) மெல்லிசாக, காய்ந்த பின் 0.03 முதல் 0.1 மி.மீ. போதும். பிளக்கை டேப் சுற்றி மறைத்துவிட்டு அடிங்க. பின்னால் ரிப்பேர் வந்தால் கரைத்து எடுத்துவிடலாம், எபாக்ஸியில் அது நடக்காது. கூட்டுக்குள் இருக்கிற பென் டிரைவுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பது என் கட்சி.

நாலாம்பின்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஒரு சென்சார் போர்டில் இரண்டு பாக எபாக்ஸி (ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும்) கலந்து ஊற்றி மூன்று நாள் ஆகிறது, இன்னும் ஒட்டுகிறது. ஹார்டனரை இன்னும் கொஞ்சம் மேலே தடவலாமா?

ஈயப்பற்று:

தடவினால் ஒட்டும் அடுக்கு இரண்டாகும். ஹார்டனர் வேகத்தைக் கூட்டும் மருந்தல்ல, கணக்குப்படி சேரவேண்டிய பாதி. கூடினாலும் குறைந்தாலும் இணை கிடைக்காத மூலக்கூறுகள் காலத்துக்கும் பிசுபிசுக்கும்.

எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். முழுக்க ஒரே மாதிரி என்றால் விகிதம் தப்பு. அளவு எடைக்கா, கொள்ளளவுக்கா என்று டப்பாவில் போட்டிருப்பதை மாற்றிப் படிப்பதுதான் வழக்கமான காரணம். 10:1 ரகத்தில் 5 கிராம் ரெசினுக்கு அரை கிராம் ஹார்டனர். முழு கிராமாக மட்டும் காட்டும் தராசில் அது எடையே அல்ல. 0.01 கிராம் தராசு வேண்டும். திட்டுத் திட்டாக ஒட்டினால் கலக்கல் போதவில்லை. கப்பின் சுவரை வழித்து, இன்னொரு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்கினால் இது வராது. அடியில் கெட்டியாகி மேலே மட்டும் எண்ணெய்ப் படலம் போல இருந்தால் அமீன் படிவு, ஹார்டனரில் உள்ள அமீன் மேலே வந்து படிவது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

கரைப்பான்:

எபாக்ஸிக்குப் பதில் பிளாட்டினம் வகை சிலிக்கோன் ஊற்றியவர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்டைத் தொடும் இடத்தில் மட்டும் காயாமல் இருந்தால் விகிதத்தைச் சந்தேகிக்காதீங்க. கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மம் பட்டால் அது இறுகாது. லேடெக்ஸ் கையுறையும் ஃப்ளக்ஸ் மிச்சமும் போதும் அதைக் கெடுக்க.

மேசைடிராயர்:

பூச்சு நாலாவது சுற்றில் முழுக்க வந்துவிட்டது, அடியில் சாம்பல் நிற பிளாஸ்டிக். ஃப்ளக்ஸும் போயிற்று. மாட்டிப் பார்த்தால் டிரைவில் விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

ஈயப்பற்று:

பிளக்கின் உள்ளே பாருங்கள். நான்கு தங்க நிறப் பட்டைகளில் ஓரத்து இரண்டும் மின்சாரத்துக்கு, சற்று நீளம். நடுவில் உள்ள குட்டையான இரண்டும் தகவலுக்கு. விளக்கு எரிவதால் ஓரங்கள் தொடுகின்றன. நடுவில் கரைந்த பூச்சு படலமாகக் காய்ந்திருக்கும். கெட்டி அட்டையை 10 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, நுனியை ஆல்கஹாலில் நனைத்து, பட்டைகளின் நீளவாக்கில் நான்கைந்து முறை இழுங்கள். அழிரப்பர் வேண்டாம், தங்கப்பூச்சைத் தேய்த்துவிடும். காய்ந்ததும் இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். கம்ப்யூட்டரின் அந்த போர்ட்டிலும் படலம் ஒட்டியிருக்கலாம், வேறொன்றில் முயன்று பாருங்கள்.

மேசைடிராயர்:

அட்டையில் கறுப்பாக வந்தது. வேறு போர்ட்டில் உடனே திறந்தது.