புதுப்பிப்பு: பழைய அனலொக் டிலே பெடலை விற்கவில்லை

கிற்றார் ஒலியைத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் காற்கருவியான, 1980களில் செய்யப்பட்ட என் அனலொக் டிலே பெடலைத் திருத்துவதா, விற்றுவிட்டு டிஜிற்றல் பெடல் வாங்குவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன், திருத்தி வைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வானொலி திருத்தும் ஐயா ஒருவர் உலர்ந்துபோன கொள்ளளவிகளை (மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்புகளை) மாற்றியதும் இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது.

உள்ளேயுள்ள எம்.என்.3005 சிப், கிற்றார் ஒலியை 4096 படிகளினூடாகக் கைமாற்றிக் கடத்துகிறது. இந்தக் கைமாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரத் துடிப்பு (சீரான மின்துடிப்பு) மந்தமாக மந்தமாகத் தாமதம் நீள்கிறது. ஆனால் அத்துடிப்பின் இரைச்சலை அகற்றும் வடிகட்டிகள் உச்ச சுரங்களின் கூர்மையையும் சேர்த்து வெட்டிவிடுவதால், ஒவ்வோர் எதிரொலியும் முன்னையதைவிட மங்கித் தேய்கிறது. அந்தத் தேய்வுக்காகவே இதை விடமுடியவில்லை.

இருப்பினும், ஏறத்தாழ 300 மில்லிசெக்கனுக்கு மேல் தாமதம் கிடைக்காததால் மெதுவான பாடல்களுக்கு இது போதாது. அவற்றுக்கு நண்பரின் டிஜிற்றல் பெடலை இரவல் வாங்குகிறேன்.