எல்லையோரத் தோப்பில் குப்பை மூட்டைகள்: இதற்கு எந்த ஆபீஸ் பொறுப்பு?

எல்லைத்தோப்பு:
பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வண்டியில் வந்து இருபது மூட்டை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் தண்ணீர் திருப்பப் போன அப்பாதான் முதலில் பார்த்தார். சில மூட்டை எங்கள் வேலிக்குள், மீதி ரோட்டோரம், இரண்டு வாய்க்காலில். நாய் கிழித்த ஒன்றில் கோழிக் கழிவும் பிளாஸ்டிக்கும், இன்னொன்றில் சிரிஞ்சும் ரத்தம் தோய்ந்த பஞ்சும். மூன்று அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். மாடு மேயும் இடம், கிணறும் பக்கத்தில்தான். சட்டப்படி இதை யார் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்றியத்துப்பழையஆள்:
தம்பி, நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "குப்பைக்கு யார்" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் அடுத்த கதவைத்தான் காட்டுவார்கள். மூட்டை யார் இடத்தில் கிடக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் குப்பை என்றால் முதல் பொறுப்பு உள்ளாட்சிதான். ஆனால் எல்லோரும் மனுவில் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளை எழுதுகிறார்கள். அது நகராட்சி, பேரூராட்சி, சென்சஸ் டவுன் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகக் கணக்கிட்ட ஊர்) மாதிரி இடங்களை மனதில் வைத்து எழுதியது, 2026 ஏப்ரலில் அதற்குப் பதில் புது விதிகளும் வந்துவிட்டன. கிராம ஊராட்சி என்றால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110 என்று எழுதுங்கள். தெரு சுத்தம், குப்பை மேடு அகற்றுவது ஊராட்சியின் கடமை என்று அதில் இருக்கிறது. "எங்கள் வேலை இல்லை" என்ற பேச்சு அந்த ஒரு வரியில் நின்றுவிடும். நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதனால் உங்கள் ஊரில் தலைவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்தான் இருக்கிறார் என்றால் மனு அவர் பெயருக்கே போகட்டும். ஒன்றியத்தில் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) இரண்டு பேர் இருப்பார்கள், கிராம ஊராட்சி பார்க்கிறவரிடம் கொடுக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் ஒரு வாரம் வீண்.

வாய்க்காலில் கிடப்பதற்கு நீர்வளத்துறை, நெடுஞ்சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத்துறை. வண்டியில் வந்து கொட்டியதற்குப் போலீஸ் புகார் தனியாக, இன்றே கொடுங்கள். உங்கள் பட்டா நிலத்தில் கிடப்பதால் நீங்களே இடம் கொடுத்தீர்களா என்ற கேள்வி நாளைக்கு வரும், அதற்கு இந்தப் புகார்தான் பதில்.

யாரும் அசையவில்லை என்றால் சப் கலெக்டரிடம் போங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. பொதுத் தொல்லையை அகற்று என்று உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமும் ஒரு மனு. ரசீது வாங்காமல் வராதீர்கள்.

லேப்காரன்:
சிரிஞ்ச் இருந்தது என்று சொன்ன உடனே கதை மாறிவிட்டது. அது உயிரி மருத்துவக் கழிவு, அதற்கென்று 2016 விதிகள் தனியாக இருக்கின்றன, நடவடிக்கை எடுக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். மஞ்சள், சிவப்புப் பை கண்ணில் பட்டால் கையால் தொட வேண்டாம், தள்ளி நின்று படம் எடுங்கள். ஒவ்வொரு பையிலும் பார்கோடு இருக்க வேண்டும் என்பது விதி, அது கிடைத்தால் எந்த ஆஸ்பத்திரி என்று நேராகப் பிடிக்கலாம். ஊராட்சி ஆட்களை வைத்து வெறுங்கையில் அள்ளவும் விடாதீர்கள், ஊசி குத்தினால் அந்தக் குடும்பம்தான் கஷ்டப்படும். ஆத்திரத்தில் கொளுத்தவும் வேண்டாம், ஆதாரமும் போய்விடும், புகையும் கெடுதல்.

இதை அலட்சியமாக விட முடியாதபடி 2025-ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்திலேயே மருத்துவக் கழிவு கொட்டுபவர்களைச் சேர்த்துவிட்டார்கள். போலீஸ் புகாரில் அதைக் குறிப்பிடுங்கள்.

சித்தூர்த்தமிழன்:
நான் பாலக்காடு சித்தூர் தாலுகா, உங்களுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரில் வீட்டு வாசலுக்கு ஹரித கர்ம சேனைக்காரர்கள் (பஞ்சாயத்தின் குப்பை சேகரிக்கும் குழு) வந்து பிளாஸ்டிக் வாங்கிப் போகிறார்கள், அப்படியும் செலவு மிச்சம் பார்த்து ராத்திரி எல்லை தாண்டிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ரொம்ப வருத்தம். மூட்டையில் பில், கூரியர் கவர், மருந்துச் சீட்டு எதிலாவது கேரள முகவரி இருந்தால் அந்தப் பஞ்சாயத்துச் செயலாளருக்கும் எழுதுங்கள், அபராதம் போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. மலையாளத்தில் எழுத வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

இரண்டு மாநில விஷயம் என்று இழுத்தால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவை மூன்று நாளில் எடுக்கச் சொல்லித் தென்மண்டல அமர்வு கேரளாவுக்கு உத்தரவு போட்டது. அங்கிருந்தே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

எல்லைத்தோப்பு:
எல்லோருக்கும் நன்றிங்க. இன்று காலையில் போய் தள்ளி நின்று படம் எடுத்தேன், கிழிந்த சிவப்புப் பை ஒன்றில் பார்கோடு பாதி தெரிகிறது. போலீஸ் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் படத்தோடு பதிவுத் தபால், பிடிஓ மனுவில் பிரிவு 110 எழுதியிருக்கிறேன். சித்தூர் அண்ணா, ஒரு கவரில் முகவரி கிடைத்திருக்கிறது, தனிச் செய்தியில் அனுப்புகிறேன், அந்த மலையாளக் கடிதம் எழுதித் தாருங்கள்.