புதுச்சேரிக் கடிதத்தில் ஒரு தேதி, கடலூர்க் கோட்டைப் புத்தகத்தில் இன்னொரு தேதி: எதை எடுத்துக்கொள்வது?

லாசுப்பேட்டை_ஆய்வு:

வணக்கம். 1740, 50களில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே நெசவாளர்களும் துபாஷிகளும் (ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்கள்) இடம்பெயர்ந்ததைப் பற்றிய ஆய்வு இது. மூன்று வகை மூலங்களை ஒரே காலவரிசையில் பொருத்த வேண்டும்: ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு, புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகக் கடிதங்கள், தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டை (கடலூர்க் கோட்டை) ஆங்கிலேயரின் ஆலோசனைப் புத்தகங்கள், அதாவது கோட்டைச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள்.

பொருந்தவே மாட்டேன் என்கிறது. சென்னை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்த நாள் ஓரிடத்தில் 1746 செப்டம்பர் 10, இன்னோரிடத்தில் செப்டம்பர் 21. தமிழ்க் கணக்கில் எழுதினால் அட்சய வருஷம் புரட்டாசி எத்தனை என்று சரிபார்க்கவும் வழி தெரியவில்லை. ஆங்கிலத் தாள்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று வந்தாலே ஒரு வருஷம் பின்தங்கியது போல் இருக்கிறது. எது சரி, எதை அடிப்படையாக வைப்பது, எக்செல்லில் எப்படிப் பதிவது? படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேவனாம்பட்டினம்:

இரண்டுமே சரி. 10ம் 21ம் ஒரே நாள்.

பிரான்ஸ் 1582லேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது. ஆகவே 22 கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு ஊர்களும் 11 நாள் வித்தியாசத்தில் தேதி போட்டன. புதுச்சேரியில் 21 என்றால் கடலூர்க் கோட்டையில் 10. 1746ல் புதுச்சேரிக்கு மார்கழி 14ல் கிறிஸ்துமஸ், கோட்டைக்கு மார்கழி 25ல். ஒரே மார்கழிக்குள் இரண்டு.

இதைக் கவனிக்காதவர்கள் ஒரே சம்பவத்தை இரண்டாக எண்ணிவிடுவார்கள். அடையாறுச் சண்டை நல்ல உதாரணம்: ஆங்கில வழி நூல்களில் அக்டோபர் 24, பிரெஞ்சு வழி நூல்களில் நவம்பர் 4. பதினோரு நாள் இடைவெளியில் இரண்டு மோதல் என்று அட்டவணை போட்டுவிட்டால் அதன்மேல் கட்டும் வாதம் எல்லாம் சாயும்.

வருஷம் பின்தங்குவதற்குக் காரணம் வேறு. ஆங்கிலேயரின் சட்டப்படியான புத்தாண்டு 1751 வரை மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான நாட்களுக்குப் பழைய வருஷ எண்ணே தொடரும். '15 ஜனவரி 1746' என்று கோட்டைத் தாள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அது 1747. அதோடு 11 நாள் கூட்டினால் 1747 ஜனவரி 26. சென்னை விழுந்து நாலு மாதம் கழித்து எழுதிய தாள் அது. 1746 என்றே விட்டால் சென்னை விழுவதற்கு எட்டு மாதம் முன்பே போய் உட்கார்ந்துவிடும். கவனமான எழுத்தர்கள் '1746/7' என்று இரண்டையும் போடுவார்கள். போடாத இடத்தில் அச்சிட்ட பதிப்பாசிரியர் தாமாகத் திருத்தினாரா என்று முன்னுரையில் பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே திருத்திய தேதியை மறுபடி திருத்துவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

1752ல் ஆங்கிலேயர் செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 வியாழன் என்று எழுதினார்கள். அந்தச் சட்டம் ஆசியாவில் இருந்த அவர்களுடைய இடங்களுக்கும் சேர்த்தே. அதற்குப் பிறகு இரு கோட்டைகளின் தேதியும் ஒன்றே. கிழமை மட்டும் எங்கேயும் அறுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். கீழே யாராவது தமிழ்த் தேதியைப் பற்றிச் சொல்லும்போது இது உதவும்.

சோலைநகர்:

சுருக்கமாக: ஆங்கிலேயர் தேதி எதுவாக இருந்தாலும் 11ஐக் கூட்டு. வேலை முடிந்தது.

தேவனாம்பட்டினம்:

எதுவாக இருந்தாலும் என்று சொல்லாதீர்கள் நண்பரே. 1700 பிப்ரவரி வரை வித்தியாசம் 10 நாள்தான். ஜூலியன் கணக்கில் 1700 லீப் ஆண்டு, கிரிகோரியனில் இல்லை. புதிய முறையில், அதாவது கிரிகோரியன் கணக்கில், 1700 மார்ச் 1 முதல்தான் 11. கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியது 1690ல். முதல் பத்து வருஷத் தாள்களுக்கு உங்கள் கணக்கு ஒரு நாள் தவறும்.

கப்பல் லாக் புத்தகம் (பயணத்தின் அன்றாடப் பதிவு) கையில் வந்தால் இன்னும் கவனம். அக்கால ஆங்கிலக் கப்பல் நாள் நண்பகலில் தொடங்கும், அதுவும் கரைக் கணக்குக்கு முந்திய நண்பகலில். கரையில் 10ஆம் தேதி பிற்பகல் நடந்தது, லாகில் 11ஆம் தேதியின் கீழ் இருக்கும். காலையில் நடந்ததற்கு இந்தச் சிக்கல் இல்லை.

மஞ்சக்குப்பம்_பஞ்சாங்கம்:

தமிழ்த் தேதிக்கு வருகிறேன். முதலில் வருஷப் பெயர். சித்திரை பிறந்த ஆங்கில ஆண்டோடு 54ஐக் கூட்டி 60ஆல் வகுங்கள். மீதிதான் பிரபவ முதல் எண்ணும் வரிசை எண். மீதி 0 என்றால் 60, அதாவது அட்சய. 1746 + 54 = 1800, மீதி 0, அட்சய. 1752 + 54 = 1806, மீதி 6, ஆங்கீரச. 1760க்கு மீதி 14, விக்கிரம. ஜனவரி முதல் சித்திரை பிறக்கும்வரை உள்ள நாட்களுக்கு முந்திய ஆண்டை வைத்துக் கணக்கிட வேண்டும்.

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால், வெறும் 'அட்சய' என்று இருக்கும் தனித் தாளை 1746 என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 1686ஆகவும் 1806ஆகவும் இருக்கலாம். சக ஆண்டு கொடுத்திருந்தால் 78 கூட்டுங்கள், கலி ஆண்டு என்றால் 3101 கழியுங்கள். இரண்டும் கழிந்த ஆண்டா நடப்பு ஆண்டா என்பதில் ஒன்று கூடலாம், குறையலாம். வருஷப் பெயரோடு ஒத்துப்பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்து நாள். நம் சூரிய வருஷம் சுமார் 365.2588 நாள். கிரிகோரியன் சராசரி 365.2425. வருஷத்துக்குச் சுமார் 23 நிமிடம் அதிகம், 61, 62 வருஷத்துக்கு ஒரு நாள். இன்று ஏப்ரல் 14ல் பிறக்கும் சித்திரை, ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில் ஏப்ரல் 9 அல்லது 10ல் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் 11, 12. 1900ல் 13.

இதிலிருந்து ஒரு குறுக்குவழி உண்டு. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் அந்தத் தமிழ்த் தேதி இன்று எந்த ஆங்கிலத் தேதியில் வருகிறது என்று பாருங்கள். 1740களுக்கு அதில் 4 நாள் கழியுங்கள். புரட்டாசி 9 இன்று செப்டம்பர் 25 வாக்கில் வருகிறது. நாலு கழித்தால் 21. நீங்கள் கேட்ட நாள் அதுவே: அட்சய வருஷம் புரட்டாசி 9, புதன்கிழமை. மேலே தேவனாம்பட்டினம் சொன்ன 1747 ஜனவரி 26 அதே அட்சய வருஷம் தை 17, வியாழன்.

குறுக்குவழியில் ஒரு நாள் முன்பின் வரும். மாதம் 29 முதல் 32 நாள் வரை நீளும், வருஷத்துக்கு வருஷம் மாறும். சங்கராந்தி (சூரியன் அடுத்த ராசிக்குள் நுழையும் நேரம்) சூரிய அஸ்தமனத்துக்கு முன் நேர்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின் நேர்ந்தால் மறுநாள். அந்த ஒரு நாளைத் தீர்ப்பது கிழமை. கணக்கிட்ட கிழமையும் தாளில் உள்ள கிழமையும் ஒத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விலகினால் மாதப் பிறப்பைச் சந்தேகியுங்கள். இரண்டு மூன்று நாள் விலகினால் நீங்கள் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது எழுதியவர் தவறியிருக்கிறார். முறையாகச் செய்ய எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் எபிமெரிஸ் அட்டவணை கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாக இருக்கிறது. ஆய்வேட்டில் போடும் ஒவ்வொரு தேதியையும் அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் நாள் உதயத்தில் தொடங்குகிறது. செவ்வாய் இரவு ஒரு மணிக்கு நடந்ததைத் தமிழில் எழுதுபவர் செவ்வாய் என்பார், ஐரோப்பியர் புதன் என்பார். இரவுச் சம்பவங்களில் ஒரு நாள் வித்தியாசத்தை முரண்பாடாக எடுத்து அடிக்குறிப்பு எழுத வேண்டாம்.

ஓலை_மை:

கிழமைச் சோதனையில் தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது இலக்கம். ௪ஐயும் ௬ஐயும் பிரிப்பது ஒரு வால்தான், 'ச'வும் 'சு'வும் போல. மை வெளிறினால் 6 நாலாகிவிடும். ௧க்கும் ௯க்கும் அப்படியே, 'க', 'கூ'. பத்தைக் குறிக்கும் ௰ஐ 'ய' என்று படித்துச் சொல்லோடு சேர்த்துவிடுவதும் உண்டு. பழைய எழுத்தில் இடமதிப்பு கிடையாது: ௨௰௩ என்றால் 23, நடுவில் உள்ளது பத்து. ௵, ௴, ௳ ஆகிய வருஷ, மாத, நாள் குறிகளைப் படியெடுக்கும்போது விட்டுவிடாதீர்கள். எந்த எண் எதற்கு என்று அவைதான் சொல்கின்றன.

கிழமைப் பெயர்களும் பலவிதம். ஆதிவாரம் ஞாயிறு, குருவாரம் வியாழன், சுக்கிரவாரம் வெள்ளி. மந்தவாரம், ஸ்திரவாரம் இரண்டும் சனி.

நெல்லிக்குப்பம்_தறி:

எக்செல் பக்கம்: 1900க்கு முந்திய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். போதாததற்கு 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத நாளையும் வைத்திருக்கிறது. லிப்ரே ஆபீஸ் கால்க் பழைய தேதியை ஏற்கும், ஆனால் 1582 அக்டோபர் 15 முதல் எல்லாவற்றையும் கிரிகோரியன் என்றே எடுக்கும். கோட்டைத் தேதியைத் திருத்தாமல் போட்டால் கிழமை தப்பும்.

ஆகவே ஒரு பதிவுக்கு இத்தனை பத்தி (column) வையுங்கள்: தாளில் எழுதியபடியே தேதி, எந்தக் கணக்கு, தாளில் உள்ள கிழமை, புதிய முறைத் தேதி 1746-09-21 என்ற வடிவில் எழுத்தாக, ஜூலியன் நாள் எண், கணக்கிட்ட கிழமை, ஐயம். முதல் பத்தியை ஒருபோதும் திருத்தக் கூடாது.

ஜூலியன் நாள் எண் ஒரே தொடர் எண்ணிக்கை, ஜூலியன் நாட்காட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1746 செப்டம்பர் 21க்கு 2359037. ஏழால் வகுத்தால் மீதி 2. மீதி 0 திங்கள், 1 செவ்வாய், 2 புதன். வரிசைப்படுத்துவது, இடைவெளி கணக்கிடுவது எல்லாம் இந்தப் பத்தியில்தான்.

தேதி எதன் தேதி என்பதற்கும் தனிப் பத்தி வேண்டும்: சம்பவம் நடந்ததா, செய்தி வந்ததா, கடிதம் எழுதியதா, சபையில் படித்ததா. நாட்குறிப்பில் சென்னைச் செய்தி இருக்கும் நாள் பெரும்பாலும் செய்தி புதுச்சேரி வந்த நாள். இதைக் கலந்துவிட்டால் 11 நாளைச் சரிசெய்தும் ஒன்றிரண்டு நாள் இடிக்கும், காரணம் தெரியாது.

19ஆம் நூற்றாண்டுக்கு நீண்டால் தென்னார்க்காடு வருவாய்த் தாள்களில் பசலி (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) வரும். ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஜூன் வரை 591. பசலி 1300 என்றால் 1890-91. 1855க்கு முன் பசலி ஜூலை 1ல் அல்ல, ஆடிப் பிறப்பை ஒட்டித் தொடங்கியது.

லாசுப்பேட்டை_ஆய்வு:

அனைவருக்கும் நன்றி. உடனே ஒன்றைச் சோதித்தேன், இடிக்கிறது. ஒரு தறிக் கணக்குத் தாளில் 'அட்சய ௵ புரட்டாசி ௴ ௪ ௳ ஆதிவாரம்' என்று படித்திருக்கிறேன். புரட்டாசி 9 புதன் என்றால் 4ஆம் தேதி வெள்ளி அல்லவா வரும்?

மஞ்சக்குப்பம்_பஞ்சாங்கம்:

உங்கள் கணக்கு சரி. 1746ல் புரட்டாசி பிறந்தது செப்டம்பர் 13, செவ்வாய். 4ஆம் தேதி 16, வெள்ளி. இரண்டு நாள் விலகல். 1806 அட்சயமாக இருக்கக்கூடுமா என்றும் எபிமெரிஸ் வகையில் பார்த்துவிடலாம், ஆனால் அந்தத் தொகுதி 1799ல் நின்றுவிடுகிறது, 1806க்கு வேறு பஞ்சாங்க அட்டவணை வேண்டும்.

ஓலை_மை:

அதற்கு முன் தாளைப் பாருங்கள். இரண்டு நாள் விலகல், ௪ என்ற வாசிப்பு. ௬ ஆக இருந்தால் செப்டம்பர் 18, ஞாயிறு, ஆதிவாரம் அச்சாகப் பொருந்துகிறது. ஒளியைத் தாளின் பக்கவாட்டில் இருந்து சாய்த்துப் பாய்ச்சிப் படமெடுங்கள். மை போயிருந்தாலும் எழுத்தாணியோ பேனாவோ அழுத்திய பள்ளம் வாலின் இடத்தில் நிழலாகத் தெரியும். அதே எழுத்தர் வேறு வரியில் எழுதிய ௪ எங்கே முடிகிறது என்றும் ஒப்பிடுங்கள்.

தேவனாம்பட்டினம்:

உள்ளடக்கத்தையும் பார்த்துவிடுங்கள். செப்டம்பர் 18 என்றால் கோட்டைக் கணக்கில் 7, சென்னை இன்னும் சரணடையவில்லை. தாளில் சென்னை பிரெஞ்சு வசம் என்ற தொனியில் ஒரு வரி இருந்தால்கூட ௬ நிற்காது.

லாசுப்பேட்டை_ஆய்வு:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கீழே வால் போல ஒரு கீறல் இருக்கிறது, மை இல்லை. சென்னையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நூல் விலை மட்டும்தான். வாசிப்பு ௬, ஐயப் பத்தியில் 'வால் மங்கல், கிழமையால் உறுதி' என்று பதிந்துவிட்டேன். சாய்வொளிப் படம் எடுத்ததும் மாற்றம் இருந்தால் இங்கேயே போடுகிறேன்.