வீட்டு விளையில் சுட குட்டை பேரல் பிசிபி, முனையில் சைலன்ஸர்: சரிவருமா?

அருமனைக்காரன்

10 முதல் 15 மீட்டரில் பேப்பர் டார்கெட் சுட ஒரு பிசிபி (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பி வச்சுச் சுடுற) ஏர் ரைபிள் வாங்கப் போறேன். இடம் தென்னை விளை. மூணு பக்கமும் வீடு, ஒரு பக்கம் ரப்பர் தோட்டம். சத்தம்தான் கவலை. அமெரிக்க வீடியோக்கள்ல 10 இஞ்ச் பேரல் ரைபிள்ல சப்ரெஸர் மாட்டிச் சுடுறாங்க, கை தட்டுன மாதிரிதான் கேக்கு. அதே மாதிரி 30 செ.மீ. பேரல் உள்ள கார்பைன் (குட்டை ரைபிள்) எடுத்து முனையில ஒரு சைலன்ஸர் மாட்டலாம்னு நினைக்கேன். இல்லன்னா நீளப் பேரலை வாங்கி லேத்ல குறைக்கலாமா? எந்த நீளம், என்ன பெல்லட் (ஏர்கன் குண்டு), எவ்வளவு பவர்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாஞ்சில் 4.5

அண்ணே, சைலன்ஸரை முதல்லயே விட்டிருங்க. 1959 ஆயுதச் சட்டத்தின் 2வது பிரிவுல, துப்பாக்கியோட சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கிற துணைக்கருவியும் துப்பாக்கிங்கிற விளக்கத்துக்குள்ளயே வருது. அந்த விளக்கம் வெடிமருந்தோட நிக்கல, வேற வகை ஆற்றல்ல ஓடுறதையும் சேர்த்துக்குது. அதனால "இது ஏர்கன்தானே"ங்கிற பேச்சு எடுபடாது. 0.177 இஞ்ச் போர் (பேரல் உள்விட்டம்), 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம்ங்கிற 2016 விதிகளின் சலுகை ரைபிளுக்கு. ஆன்லைன்ல தனியா விக்கிற சைலன்ஸர் குழாய்க்கு அதை நீட்டிப் பார்க்காதீங்க.

பேரல் வெட்டுறது 6வது பிரிவு. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கிப் பேரலைக் குறைக்கக் கூடாது. லேத் பட்டறைக்காரரையும் சேர்த்து மாட்டிவிடுவீங்க. அப்படியே வெட்டினாலும் முனையோட கிரவுன் (வாய் விளிம்பு) ஒரு பக்கம் பிசிறு தட்டினா போதும், பெல்லட் வெளியேறும்போது காற்று ஒரு பக்கமா முந்தி வெளியே வரும், குரூப் (குண்டுகள் ஒரே இடத்துல விழுறது) சிதறிப்போகும்.

தக்கலை ட்யூனர்

அந்த வீடியோவுல இருக்கிற கணக்கே வேற. அவங்க கையில இருக்கிறது பெரும்பாலும் .300 பிளாக்அவுட். சுமார் 9 இஞ்ச் பேரலுக்குள்ள மருந்து எரிஞ்சு முடியுற மாதிரி அமைச்ச தோட்டா. 14 கிராம் புல்லட், வேகம் நொடிக்கு 310 மீட்டர் பக்கம், அதாவது ஒலி வேகத்துக்குக் கீழே. அதனாலதான் சப்ரெஸர் போட்டதும் அடங்குது. அதே 10 இஞ்ச் பேரல்ல 5.56 மி.மீ. ரைபிள் தோட்டா சுட்டா புல்லட் ஒலி வேகத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல போகும். அந்த வெடிப்புச் சத்தத்தை எந்த சப்ரெஸராலயும் நிறுத்த முடியாது. போதாததுக்கு சப்ரெஸர் கேஸை உள்ளே திருப்பித் தள்ளும், கேஸ் பிளாக்கை (கேஸ் திரும்பி வர்ற வழியில இருக்கிற பாகம்) அட்ஜஸ்ட் பண்ணணும், முனைத் திரெட் நடுக்கோட்டுல இல்லன்னா புல்லட் உள்ளே இருக்கிற தடுப்புல உரசும். அங்கேயும் 16 இஞ்சுக்குக் குறைஞ்ச ரைபிளும் சப்ரெஸரும் 1934 சட்டப்படி அரசாங்கத்துல பதிவு பண்ண வேண்டியவை. கடையில தொங்குற சாமான் இல்ல.

பிசிபில சத்தம் எங்கிருந்து வருது? பெல்லட் வெளியேறும்போது அதன் பின்னால மிச்சம் இருக்கிற அழுத்தக் காற்றுலருந்து. 30 செ.மீ. பேரல்ல ஒரு வேகம் வேணும்னா வால்வு நிறைய காற்றை விடணும். பெல்லட் முனைக்கு வரும்போதும் அழுத்தம் இறங்கியிருக்காது. அதே வேகத்தை 45, 50 செ.மீ. பேரல் கொஞ்சக் காற்றுலயே தரும். சத்தம் குறையணும்னா நீங்க குட்டை பேரலைத் தேடுறது நேர் எதிர் திசை.

பவர் கணக்கு: 0.547 கிராம் (8.44 கிரெய்ன்) பெல்லட் 270 மீ/வி போனா 19.9 ஜூல், சட்ட எல்லையைத் தொட்டு நிக்கும். 170 மீ/வி போனா 7.9 ஜூல்தான். போட்டி ரைபிள்கள் 10 மீட்டர்ல இந்த வேகத்தை ஒட்டித்தான் ஓடுது. பேப்பருக்கு இதுவே தாராளம். 15 மீட்டருக்கு 200 மீ/வி, 11 ஜூல் வைங்க.

"சூப்பர் ஃபாஸ்ட்"னு அட்டையில போட்ட அலாய் பெல்லட் வாங்காதீங்க. 0.33 கிராம் பெல்லட் 20 ஜூல்ல நம்ம ஊர் 30 டிகிரி வெயில்ல ஒலி வேகத்தையே (சுமார் 349 மீ/வி) தொட்டிரும். பட்டாசு மாதிரி வெடிக்கும், குரூப்பும் நிக்காது.

ரெகுலேட்டர் (வால்வுக்குப் போற அழுத்தத்தை ஒரே அளவுல வைக்கிற பாகம்) உள்ள மாடல் எடுத்தா, வால்வைத் தட்டித் திறக்கிற ஹாமரோட ஸ்பிரிங்கை குரோனோகிராஃப் (பெல்லட் வேகம் அளக்கிற கருவி) வச்சு இறக்குங்க. கால் சுற்று தளர்த்தி 5 ஷாட், திரும்பக் கால் சுற்று. முதல்ல வேகம் அசையாது, சத்தம் மட்டும் குறையும். அதுவரை வால்வு சும்மா காற்றைக் கொட்டிக்கிட்டு இருந்திருக்கு. உச்ச வேகத்துலருந்து 3 முதல் 5 சதவீதம் இறங்குற இடத்துல நிறுத்துங்க. வேகம் இன்னும் குறையணும்னா ரெகுலேட்டர் அழுத்தத்தை இறக்கிட்டு ஹாமரைத் திரும்ப இதே மாதிரி செட் பண்ணணும். ஹாமரை மட்டும் இறக்கிக்கிட்டே போனா ஷாட்டுக்கு ஷாட் வேகம் ஏறி இறங்கும்.

குளச்சல் காற்று

பக்கத்து வீட்டுக்குக் கேக்கிறதுல பாதி ரைபிள் சத்தமே இல்ல, தகர டிராப்புல (பெல்லட்டைப் பிடிக்கிற பெட்டி) பெல்லட் மோதுற "டங்". அதை மாத்துங்க. 30 செ.மீ. சதுரம், 20 செ.மீ. ஆழ மரப்பெட்டி, பின்பலகையா 3 மி.மீ. இரும்புத் தகடு, உள்ளே பழைய துணியை இறுக்கித் திணிச்சு முன்னால அட்டை. பட்டன், ஜிப் எல்லாம் வெட்டி எடுத்திருங்க. நம்ம பக்கம் ரப்பர் ஷீட்டும் பழைய டயரும் சுலபமா கிடைக்கேன்னு அதைத் தொங்கவிடாதீங்க, 8 ஜூல் பெல்லட் அதுல பட்டுத் திரும்பி வரும். துணி நடுவுல குழி விழும், அடிக்கடி திணிக்கணும். ஈயம் மண்ணுல சிதறக் கூடாது, பக்கத்துல கிணறோ மரச்சீனியோ இருந்தா கண்டிப்பா. டிராப்புக்குப் பின்னால செங்கல் சுவர் வேணும். வீடு இருக்கிற பக்கம் பார்த்துச் சுடாதீங்க. கண்ணாடி போட்டுக்கோங்க. விளையில மயில் இறங்கினா ரைபிளைக் கீழே வைங்க, வனவிலங்குச் சட்டம் தனி வழக்கு.

தகரக் கூரைக்குக் கீழே நின்னு சுட்டா சத்தம் பெருகும். சுவர்ல கயிற்றுப் பாய், மேல ஒரு பழைய மெத்தை கட்டுங்க, வித்தியாசம் தெரியும்.

அருமனைக்காரன்

சட்டம் புரிஞ்சுது, சைலன்ஸரும் லேத்தும் வேண்டாம். 48 செ.மீ. பேரல், ரெகுலேட்டர் உள்ளதா பார்க்கேன். ஸ்பிரிங் ரைபிள் இதைவிடச் சத்தம் குறைவுன்னு ஒருத்தர் சொன்னாரே? பிறகு ஹேண்ட் பம்ப் போதுமா?

தக்கலை ட்யூனர்

முனைச் சத்தம் குறைவு, சரிதான். ஸ்பிரிங் துள்ளலும் பிஸ்டன் இடியும் உங்க காதுக்குத்தான் பெருசா கேக்கும், மதிலுக்கு அப்பால அவ்வளவு போகாது. அதுல பெல்லட் முதல் 15, 20 செ.மீ.லயே முழு வேகத்தை எட்டிரும். மிச்சப் பேரல் மடக்கிக் காக் பண்ண (ஸ்பிரிங்கை அமுக்கி மாட்ட) நெம்புகோல். அதனால அதுலயும் குட்டை பேரலால லாபம் இல்ல, கை வலிதான் மிச்சம். சிலிண்டருக்குள்ள சாதா மெஷின் ஆயில் விட்டா டீசல் எஞ்சின் மாதிரி பத்திக்கும். சத்தமும் கூடும், சீலும் போகும்.

குளச்சல் காற்று

பம்ப் போதும், ஆனா சிலிக்கா ஜெல் ஃபில்டர் இல்லாம வாங்காதீங்க. ஆனி ஆடிச் சாரல், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழைன்னு நமக்கு ரெண்டு பருவமும் ஈரம். அந்தக் காற்றை 200 பாருக்கு அமுக்கினா தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கித் துருப்பிடிக்கும். 5 நிமிஷம் அடிச்சு 10 நிமிஷம் ஆற விடுங்க, முடிஞ்சதும் பிளீடு வால்வைத் திறந்து ஈரத்தை வெளியேத்துங்க. ஜெல் நிறம் மாறினா அடுப்புல வறுத்துத் திரும்பப் போடலாம். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். உயர் அழுத்தக் காற்றுல பெட்ரோலிய எண்ணெய் தீப்பிடிக்கும். ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டர்ல நிரப்பித் தாரேன்னு யாராவது சொன்னா கிட்டயே சேர்க்காதீங்க.